பழைய ஃபோர் வீல் வண்டி: சத்தம் ஓரிடம், நோய் வேறிடம்



இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே கிரீஸ் வாசனை வீசும் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்ப்பக்கத்தில் பழைய மகிந்திரா ஜீப்போ, மாருதி ஜிப்சியோ நிற்காத கிராமம் குறைவு. ஏரிக்கரைச் சேற்றிலும் மலைப்பாதையிலும் நம் பெண்டு பிள்ளைகள் அதில்தான் போய் வருகிறார்கள். அந்த வண்டியின் உடம்பைப் பற்றி நாலு விஷயம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

நான் டிப்ளமா படித்தவன். ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பேத்தமங்களாவில் இருக்கிறேன். பாலாற்றின் குறுக்கே உள்ள இந்த ஏரியின் நீர்தான் ஒரு காலத்தில் தங்கவயல் சுரங்கங்களுக்கும் லைன் வீடுகளுக்கும் குழாய் வழியே போயிற்று. நான் கார் மெக்கானிக் அல்ல. ஆனால் சக்கரம், அச்சு, பேரிங், பிரேக் இந்த நான்கும் ரயிலுக்கும் ஜீப்புக்கும் பொது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

வாசலுக்கு வந்த நோயாளி

என் தங்கை மகன் ஒரு பழைய ஜிப்சி வைத்திருக்கிறான். ராணுவத்தில் ஓடி, ஏலத்தில் வந்து, இரண்டு கை மாறிய வண்டி. தோட்டத்துத் தக்காளியை ஏற்றுவதும் அதில்தான். மாதம் ஒருமுறை தன் தாயாரை வி.கோட்டா, பேரணாம்பட்டு மலைப்பாதை வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான்.

ஒரு நாள் காலையில் வந்து நின்றான். "மாமா, வண்டி இழுக்க மாட்டேங்குது. கிளம்பும்போது டங்குனு அடிக்குது. பிரேக் போட்டா இடது பக்கம் போகுது. டிரான்ஸ்பர் கேஸ் போயிடுச்சாம். அதை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. ஒரு வருஷத் தக்காளி லாபம் அதிலேயே போயிடும் போலிருக்கு" என்றான்.

"அம்மாவுக்கு வேலூர் எப்போ?" என்று கேட்டேன்.

"வர்ற வியாழக்கிழமை மாமா."

நடுவில் மூன்று நாள்தான் இருந்தது. பணத்தை விட அந்த மலைப்பாதை இறக்கம்தான் என் கண் முன்னே நின்றது.

முதலில் உடற்கூறு

சாதாரணக் காரில் எஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகிறது. ஃபோர் வீல் வண்டியில் கியர் பாக்ஸுக்கு அடுத்து டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. அது பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஜிப்சியில் இது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியே தொங்குகிறது. ஆகவே கியர் பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஷாஃப்ட், அங்கிருந்து முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என மூன்று புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள் ஓடுகின்றன. அவற்றின் முனைகளில் நம் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் இருக்கின்றன. அச்சின் நடுவே கிரவுன், பினியன் என்ற பல் சக்கரங்கள். அவை எண்ணெயில் மிதக்கின்றன. அந்த எண்ணெய் சக்கரப் பக்கம் வராமல் தடுப்பது ஆயில் சீல் என்ற சிறு ரப்பர் வளையம். அந்த வளையத்துக்கு அடுத்த அறையில்தான் பிரேக் டிரம் இருக்கிறது. இதை மறக்காதீர்கள். பின்னால் தேவைப்படும்.

ஜிப்சியிலும் பழைய ஜீப்பிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வித்தியாசத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு கிடையாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். வளைவில் இது நடக்கிற காரியமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிப்சியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 2.375 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் திரும்பினால் அது கடக்கும் தூரம் சுமார் 9.4 மீட்டர். அதே நேரத்தில் முன் அச்சின் நடுப்புள்ளி கடப்பது சுமார் 10.1 மீட்டர். வித்தியாசம் 70 சென்டிமீட்டர். சக்கரத்தில் இது மூன்றில் ஒரு சுற்று. அச்சின் பல் விகிதத்தைக் கணக்கில் எடுத்தால் ஷாஃப்ட்டில் ஒரு சுற்றுக்கும் மேல்.

மணலிலும் சேற்றிலும் டயர் சறுக்கி இந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க முடியாது. ஷாஃப்ட்டுகள் துணி பிழிவது போல முறுக்கேறும். ஸ்டீயரிங் கனக்கும், வண்டியைப் பிடித்து இழுப்பது போலிருக்கும், லீவர் திரும்பி வராது. இது நோய் அல்ல, ஓட்டுபவர் தவறு. வண்டியை நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானே விடுபடும்.

"சேத்துல போட்ட ஃபோர் வீலை தார் ரோட்டுலயும் எடுக்காம விட்டியா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "ரெண்டு தடவை லீவர் மாட்டிக்கிச்சு மாமா. அதைச் சொன்னதும்தான் மெக்கானிக் டிரான்ஸ்பர் கேஸ்னாரு." மெக்கானிக் ஏமாற்றவில்லை. நாம் சொன்ன குறியை வைத்து அவர் முடிவுக்கு வந்தார். நோயாளி தவறாகச் சொன்னால் வைத்தியரும் தவறுவார்.

கையின் புறத்தால் கேட்பது

ரயிலில் 'ஹாட் ஆக்சில்' என்று ஒன்று உண்டு. பேரிங் சூடேறி, கவனிக்காவிட்டால் அச்சே முறிந்து வண்டி தடம் புரளலாம். ஆகவே வண்டி நின்றவுடன் ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸாகக் கையின் புறத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நடப்போம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு சரக்கு வண்டியில் ஒரு பாக்ஸ் மற்றவற்றை விடச் சற்றுக் கூடுதல் சூடாக இருந்தது. வண்டி ஏற்கனவே தாமதம். 'வெயிலாக இருக்கும்' என்று விட்டுவிட்டேன். அடுத்த ஸ்டேஷனில் புகை வந்து, அந்த வேகனைக் கழற்றிப் போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு நான் தூங்கவில்லை. 'மற்றவற்றை விட' என்ற சொல்லின் எடையை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரே வேலை செய்யும் நான்கு உறுப்புகளில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் நோய் அங்கேதான்.

அதே சோதனையை ஜிப்சிக்கும் செய்தோம். வி.கோட்டா ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னேன். கூடிய மட்டும் பிரேக்கைத் தொடக்கூடாது. கடைசியில் சமதளத்தில் நியூட்ரலில் போட்டு, தானாக நிற்க விட வேண்டும். நல்ல வண்டி நெடுந்தூரம் உருளும். இது சீக்கிரமே முனகிக்கொண்டு நின்றது. ஆகவே 'இழுக்கவில்லை' என்பது எஞ்சின் குறையோ கிளட்ச் குறையோ அல்ல. கிளட்ச் நழுவினால் எஞ்சின் அலறும், வேகம் ஏறாது, கருகல் வாசனை வரும். ஆனால் நியூட்ரலில் வண்டி தாராளமாக உருளும். இங்கே ஏதோ ஒன்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இறங்கி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் கையின் புறத்தை அருகே கொண்டுபோனேன். வலது முன், இடது பின் இரண்டும் இளஞ்சூடு. இடது முன், கையை அருகே கொண்டுபோக முடியாத அனல். வலது பின்னில் சூடு இல்லை. ஆனால் சக்கரத்தின் உட்புறம் ஈரமாகப் பளபளத்தது.

செலவு: ஒரு லிட்டர் பெட்ரோல். நேரம்: அரை மணி. டிரான்ஸ்பர் கேஸின் மேல் கையை வைத்தேன். சாதாரணச் சூடுதான்.

சத்தங்களின் அகராதி

வண்டியின் சத்தம் இரும்பின் வழியே ஓடி எங்கோ ஒரு மூலையில் ஒலிக்கும். ஆகவே சத்தம் 'எங்கே' கேட்கிறது என்பதை விட 'எப்போது' கேட்கிறது என்பதையே கவனியுங்கள்.

கிளம்பும்போதும், ரிவர்ஸ் போடும்போதும் 'டங்' என்று ஓர் அடி: பெரும்பாலும் கிராஸ் தேய்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். கிராஸின் மூடியைச் சுற்றிச் செந்தூரம் போல் துருப்பொடி இருந்தால் அது கிரீஸ் காணாமல் காய்ந்துபோன கிராஸ்.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும், விட்டால் வேறு விதமாகவும் மாறும் 'ஊம்' சத்தம்: கிரவுன், பினியன், அல்லது பினியன் பேரிங்.

ஆக்சிலேட்டருக்கு மாறாமல், வண்டியை இடமும் வலமும் லேசாக வளைத்து ஓட்டும்போது கூடிக் குறையும் உறுமல்: சக்கர பேரிங். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் உறுமல் வரும். ஆனால் அது ரோடு மாறினால் மாறும்.

ஃபோர் வீலில் மண் தரையில் முழுதாகத் திரும்பும்போது முன்னால் 'டக் டக் டக்': முன் அச்சின் வெளிமுனை ஜாயின்ட்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு: டயர் பேலன்ஸ், அல்லது ஷாஃப்ட். ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டும்போது குறி வைக்காமல் இரண்டு முனையையும் முன்பின்னாகத் திருப்பி மாட்டினாலும் இந்த அதிர்வு வரும். ஷாஃப்ட்டில் ஒட்டிய காய்ந்த சேறுகூடப் போதும்.

கிளட்சை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். நின்ற இடத்தில் நியூட்ரலில் கிளட்சை விட்டால் வரும் சத்தம் கியர் பாக்ஸ் பேரிங்.

டிரான்ஸ்பர் கேஸின் மேல் சந்தேகம் இருந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன் அதன் வடிகால் போல்ட்டைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். சாம்பல் நிற மைபோல் நுண்ணிய துகள் இருந்தால் அது வயதின் அடையாளம், கவலை வேண்டாம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால்தான் உள்ளே பல் உடைந்திருக்கிறது. ஜிப்சியில் மைதான் வந்தது. பின் ஷாஃப்ட்டின் முன்முனைக் கிராஸில் செந்தூரப் பொடி இருந்தது. 'டங்' சத்தத்துக்குக் காரணம் அதுவே. அந்தக் கிராஸ் டிரான்ஸ்பர் கேஸை ஒட்டியே இருப்பதால் பழி பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழுந்தது.

பிரேக்கின் மொழி

பிரேக்கில் முதல் சோதனையைக் காலே செய்துவிடும்.

மிதித்தால் பஞ்சு போல் இருந்தால் குழாயில் காற்று. ஒரு மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே நின்றால் பின் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிற்று. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

பெடல் கல்லாக இருந்தால் பூஸ்டரைப் பாருங்கள். ரயில்வேயில் நான் சேர்ந்த காலத்தில் பல வண்டிகளில் வாக்குவம் பிரேக் இருந்தது. பிறகு 5 கிலோ அழுத்தத்தில் ஏர் பிரேக் வந்தது. காரின் பூஸ்டரும் வாக்குவத்தால் வேலை செய்வதே. எஞ்சினை நிறுத்தி, ஐந்தாறு முறை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் வாக்குவம் குழாய், வால்வு, பூஸ்டர் என்று வரிசையாகத் தேடுங்கள்.

சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால் அழகான சோதனை ஒன்று உண்டு. அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால், பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிளைச் சிறிது திறந்துவிடுங்கள். எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் குழாயில் சிறைப்பட்டிருக்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு அங்கேயே: துருப்பிடித்த பிஸ்டன், இறுகிய பின், அல்லது பின் சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள்.

ஜிப்சியின் இடது முன் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டது. மற்ற சக்கரங்கள் பிடிக்காததால் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகமில்லை. மிச்சம், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் போகும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்கப் புதிது போலிருந்தது. கழற்றி வாயால் ஊதினால் காற்று போகவில்லை. உட்சுவர் வீங்கி அடைத்திருந்தது. காலின் பலத்தில் எண்ணெய் உள்ளே போய்விடும். திரும்பி வர அதற்குப் பலமில்லை.

வலது பின் சக்கரத்தின் ஈரம் எது? பிரேக் ஆயிலா, அச்சின் எண்ணெயா? ஒரு கிண்ணத் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். நம் வண்டிகளில் ஊற்றும் சாதாரணப் பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். கியர் ஆயில் மிதக்கும். கந்தக வாடையும் அடிக்கும். இங்கே மிதந்தது. டிரம்மைக் கழற்றினால் ஷூ முழுவதும் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எண்ணெய் பட்ட ஷூ சில வேளை வழுக்கும், சில வேளை திடீரென்று கவ்வும். பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சீலை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் ஆறு மாதத்தில் திரும்பி வந்திருப்பான். சீல் ஏன் போயிற்று? பேரிங்கில் ஆட்டம் இல்லை. அச்சின் மேல் பகுதியில் விரல்நுனி அளவில் 'ப்ரீதர்' என்ற மூச்சுக்குழல் உண்டு. ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்று விரியும். அந்தக் காற்று இதன் வழியே வெளியேற வேண்டும். ஏரிக்கரைச் சேறு அதில் காய்ந்து சிமென்ட் போல் அடைத்திருந்தது. போக வழியில்லாத காற்று, எண்ணெயைச் சீலின் வழியே பிரேக்குக்குள் தள்ளிவிட்டது. ஓட்டத்தின் நோய் பிரேக்கில் தெரிந்தது. முன் சக்கரத்தில் பிரேக்கின் நோய் ஓட்டத்தில் தெரிந்தது. இரண்டும் ஒன்றின் வேஷத்தை மற்றொன்று போட்டுக்கொள்ளும் என்பதே இந்தப் பாடத்தின் சாரம்.

அவனுடைய மெக்கானிக்கிடமே கூட்டிப்போய், கண்டதை வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, "சரிங்க சார், ப்ரீதரை நான் பார்க்கல" என்றார். முன் ஹோஸ்கள் இரண்டு, பின் ஷூ இரு பக்கமும், பின் ஆயில் சீல்கள், ஒரு கிராஸ், புதிய பிரேக் ஆயில். ப்ரீதரைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தது இனாம். டிரான்ஸ்பர் கேஸுக்குச் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கு ஆகவில்லை. பிரேக் ஹோஸையும் ஷூவையும் எப்போதும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புற ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியவுடன் அது தனியே சுற்றும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடும். தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் தூக்கவே கூடாது.

பிரேக் டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் விதி கேட்பதே 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும்; பெடல் வெறுமையாகத் தரைக்குப் போகும். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஓட்டும் ஆல் வீல் டிரைவ் கார்கள் பலவற்றில் லீவர் கிடையாது. வித்தியாசத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. எனினும் அதற்கும் ஒரு விரதம் உண்டு: நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஒரே ஒரு புது டயர் போட்டால் அந்த ஏற்பாடு ஓயாமல் உழைத்துச் சூடாகும். வண்டி நின்றுபோனால் இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் விடக்கூடாது.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. வண்டி இழுக்கவில்லை, நியூட்ரலில் நன்றாக உருளுகிறது. எங்கே பார்ப்பீர்கள்?
2. ஃபோர் வீல் லீவர் தார் ரோட்டில் மாட்டிக்கொண்டது. முதலில் என்ன செய்வீர்கள்?
3. பின் சக்கர உட்புறம் ஈரம். எப்படி அடையாளம் காண்பீர்கள்? சீலை மாற்றும்போது கூடவே எதைப் பார்ப்பீர்கள்?

விடைகள்: 1. கிளட்ச், எஞ்சின். 2. நேராகச் சிறிது தூரம் ரிவர்ஸ். 3. தண்ணீர்ச் சோதனை, ப்ரீதர், பேரிங் ஆட்டம்.

நிற்க. வியாழக்கிழமை காலையில் தங்கையை ஏற்றிக்கொண்டு வேலூர் கிளம்பும் முன் அவன் வண்டியை என் வாசலில் நிறுத்தினான். நான் சொல்லாமலேயே இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் கையின் புறத்தை வைத்துப் பார்த்தான். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு மாமா" என்றான்.

அதுவே வேண்டும். மாலையில் திரும்பி வந்ததும் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.